பின்னால் என்ன

தீயணைப்பு வண்டியை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள்.
பதினொரு பேர். தரையெல்லாம் எண்ணெய்க் கறை.
லோரெட்டா ஸ்டென்ஸ்ருட் பகலில்
மொன்டானா நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர்.
செவ்வாய் இரவுகளில் எங்களிடம் வருவார்,
பூட்ஸில் உப்போடு.

முதல் நாள் ஒரே ஒரு விதி:
எந்தத் துப்பாக்கியும் காலி இல்லை.
திறந்து காட்டினாலும் காலி இல்லை,
விரல் விட்டுத் துழாவினாலும்
அடுத்தவன் கைக்குப் போனதும் மறுபடி காலி இல்லை.
கோல்ட்டர் கையைத் தூக்கினான்.
‘அப்ப எப்பத்தான் காலி?’
‘உனக்கா? எப்பவும் இல்ல.’

சுட்டுவிரல் சுடும் விரல் அல்ல,
நீட்டி வைக்கும் விரல்.
விசையைத் தொடாமல்
இரும்பின் குளிரில் ஒட்டிக் கிடக்க வேண்டும்,
கடைசி நொடி வரை.
நான் பென்சிலையும் அப்படியே பிடித்தேன்.
கையில் அடிபட்டதா என்றார் கணக்கு டீச்சர்.

பின்வாசலில் ஒரு வேலி.
பத்தடி நீளம், இரண்டு கம்பம், மூன்று வரி முள்கம்பி.
இந்தப் பக்கம் தார். அந்தப் பக்கமும் தார்.
எதையும் காக்காத வேலி.
சுற்றி நடந்தால் ஆறே எட்டு.
ஆனாலும் தாண்டித்தான் ஆக வேண்டும்:
குண்டை எடு, திறந்து காட்டு,
இரண்டு துப்பாக்கியும் ஒருத்தி கையில்,
ஒருத்தன் மட்டும் ஏறு,
பிறகு வாங்கிக்கொள், குழல் ஆள் இல்லாத திசையில்.
ஆரஞ்சு வண்ணம் பூசிய பொம்மைத் துப்பாக்கியை
தோளில் போட்டபடி ஒரே தாவாகத் தாவினான் கோல்ட்டர்.
‘செத்துட்டே’ என்றார் லோரெட்டா, கையேட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.
‘மறுபடி.’
அன்று மட்டும் ஐந்து முறை செத்தான்.
நான்காவது முறை என்னையும் கொன்றான்.

தேர்வில் ஒரு படம்:
மலைமுகட்டில் மான், அதன் பின்னால் வானம்.
வரைந்தவருக்கு மான் வரவில்லை, நாய் மாதிரி இருந்தது.
சுடலாமா? நான்கு விடைகள்.
கூடாது என்பதைக் கட்டமிட்டேன்,
மதிப்பெண் வாங்கினேன்,
அட்டை வந்தது, என் எடையைத் தவறாக அச்சிட்டு.

அதன்பிறகு எதைப் பார்த்தாலும்
பின்னால் என்ன என்று பார்க்கும் நோய்.
கறும்பலகைக்குப் பின்னால் ஆண்கள் கழிப்பறை.
ஃபோனில் சித்தியிடம் அம்மா சிரிக்கும் சிரிப்புக்குப் பின்னால்
அடுப்படி இழுப்பறையில் பிரிக்காத இரண்டு கடிதம்.

நவம்பர். விடிய அரைமணி இருக்கையில்
நானும் அம்மாவும் காய்ந்த புல்லில் குப்புறக் கிடந்தோம்.
வெளிச்சம் ஏற ஏற
முகட்டில் ஏறி நின்றது,
பெரிய காதும் கிளைத்த கொம்புமாக,
நாய் மாதிரி இல்லவே இல்லை.
குறிக்கண்ணாடி வட்டத்தில் அதன் மூச்சு புகைந்தது.
பின்னால் வானம்.
வெறும் வானம், துடைத்து வைத்த மாதிரி.
‘ம்’ என்றாள் அம்மா.
என் விரல் நீட்டியே இருந்தது.
‘ம்ம்?’ என்றாள்.
மான் எங்களுக்கு நேரம் கொடுப்பது போல நின்றது,
சலித்துப் போய் அந்தப் பக்கம் இறங்கியது.

அம்மா எதுவும் சொல்லவில்லை.
சாண்ட்விச்சைப் பிட்டாள்,
பெரிய பாதியைத் தானே வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது மலையைச் சுற்றிப் போகும் மண் பாதை.
முகட்டின் மறுபுறச் சரிவில்
சக்கரம் கழற்றிய டிரெய்லர் வீடு ஒன்று,
முற்றத்தில் ஒரு டிராம்போலின்.
அதன்மேல் முழங்கால் உயரப் பனி,
நடுவில் மட்டும் வட்டமாய் இடம் விட்டு.
அங்கே காலையில் யாரோ
குதித்திருக்கிறார்கள்.
அம்மா வேகத்தைக் குறைத்தாள். நிறுத்தவில்லை.
ஹீட்டரைக் கூட்டிவிட்டு
வெகுதூரம் கண்ணாடியையே பார்த்து ஓட்டினாள்.

எழுதாத மான் சீட்டு
என் பேன்ட் பையிலேயே கிடந்து
ஞாயிறன்று துணியோடு வெந்தது.
எடுத்துப் பார்த்தேன்:
தேதி இல்லை, இடம் இல்லை,
என் பெயர் மட்டும் பாதி.